பொங்கலுக்கு டிக்கெட் எவ்வளவு?

போன ஞாயிறு இரவு எங்கள் பழைய சேரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். பின்னாலேயே ஒரு குரல்பதிவு: "பிள்ளை, இது எங்களுக்கெண்டே போட்ட மாதிரிக் கிடக்கு. திரும்ப ஒருக்கா எழுதிப் பாப்பமே?" சுற்றுலா, நிகழ்வுகள் ஆகிய துறைகளில் இணையவழி அறிவுத் தொகுதிகளை உருவாக்கும் ஆய்வுகளுக்கு மானியம் தருகிறார்களாம். முன்மொழிவு அனுப்பக் கடைசித் திகதி இந்த மாதம் 28. நான்காம் பக்கம் வரை வாசித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன், நித்திரை வரவில்லை. சேருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் என்னுடைய கணக்கை நானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறிவுத் தொகுதி என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். எந்த ஊரில் எந்தத் திருவிழா, எப்போது, எப்படிப் போவது, போனால் என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாது, அதைப்பற்றி ஏற்கனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள், இன்னும் தெரியவேண்டுமென்றால் யாரைக் கேட்கலாம், இதெல்லாவற்றையும் மனிதருக்கும் விளங்க, கணினிக்கும் விளங்க ஓரிடத்தில் அடுக்கி வைப்பது. பெரிய கொப்பி ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கொப்பியை யார் எழுதுவது, எழுதினதைப் பிறகு யார் திருத்துவது, இரண்டுக்கும் காசு எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

2021 இல் இப்படி ஒரு திட்டத்தில் நான் ஆய்வு உதவியாளராக இருந்தேன். பல்கலைக்கழகம் வன்னிக்கு வெளியே, காசு தந்த இடம் அதற்கும் வெளியே, களம் மட்டும் வன்னி. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கு மாவட்டங்களிலும் உள்ள திருவிழாக்கள், பார்க்கப் போகும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரு தளத்தில் சேர்ப்பது நோக்கம். சேர், இரண்டு விரிவுரையாளர்கள், கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனம், பிறகு நான். முள்ளியவளைப் பிள்ளை, மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும், ஊரில் நாலு பேரைத் தெரியும் என்பதற்காக எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அதில் பிழையில்லை. அந்த இரண்டு வருஷத்தில் உண்மையாகத் தேவைப்பட்ட தகுதியும் அதுதான்.

முதல் நாள் எனக்கு ஒரு படிவம் தந்தார்கள். மென்பொருள் தம்பி அதைச் சும்மா கற்பனையில் செய்யவில்லை, கூகுளும் மைக்ரோசொஃப்டும் யாஹூவும் சேர்ந்து 2011 இல் கொண்டுவந்த ஸ்கீமா என்ற பொது அமைப்பைப் பார்த்துச் செய்தது. அப்படிச் செய்தால்தான் தேடுபொறிகளுக்கு விளங்கும். நியாயமான வேலை. நிகழ்வின் பெயர், தொடங்கும் திகதி, முடியும் திகதி, இடம், ஒழுங்கமைப்பாளர், நிகழ்த்துபவர், டிக்கெட் விலை. வற்றாப்பளைப் பொங்கலை அந்தப் பெட்டிகளுக்குள் போட உட்கார்ந்தேன்.

ஊர்க்காரருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் ஓரத்தில் இருக்கிறது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம், பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனது என்று சொல்வார்கள். நாங்கள் அம்மாளாச்சி என்போம். வைகாசியில் பூரணையை அண்டி வருகிற திங்கட்கிழமை பொங்கல். ஆனால் அது திங்கட்கிழமை தொடங்குவதில்லை. வீடுவீடாகப் போகிற பாக்குத்தெண்டல் என்ற சடங்கோடு தொடங்கிவிடும். பொங்கலுக்கு ஒரு கிழமை முந்தித் தீர்த்தமெடுப்பு, சிலாவத்தைக் கடற்கரையில் கடல்நீர் எடுத்துவருவார்கள். அந்த உப்புத்தண்ணீரில்தான் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும். எண்ணெயில்லை, தண்ணீர். ஞாயிறு காட்டா விநாயகரில் பொங்கல், அங்கிருந்து மடைப்பண்டம், அதாவது படையல் பொருட்கள், வற்றாப்பளைக்குப் போகும், திங்கள் இரவு முழுக்கச் சனம்.

இப்போது சொல்லுங்கள், தொடங்கும் திகதி எது? இடம் என்ற பெட்டியில் கடற்கரையா, பிள்ளையார் கோயிலா, அம்மன் கோயிலா, இவை மூன்றுக்கும் நடுவில் சனம் நடந்துபோகிற வழியா? ஒழுங்கமைப்பாளர் என்று கோயில் பரிபாலன சபையைப் போட்டேன். நிகழ்த்துபவர் என்ற பெட்டியைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாளாச்சி என்று எழுதக் கை போனது, பயத்தில் விட்டுவிட்டேன். டிக்கெட் விலை 0. அந்தப் பெட்டியை வெறுமையாக விடத் தொகுதி ஒத்துக்கொள்ளவில்லை.

படிவத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்தானே என்பீர்கள். கேட்டோம். மாற்றுவதற்கு ஒப்பந்தத்தில் காசு இல்லை.

ஆனால் பெரிய பிழையை விட்டது மென்பொருளுமில்லை, நிறுவனமுமில்லை, நான்தான். திகதிப் பெட்டிக்குக் கீழே 'வருடந்தோறும் திரும்ப நிகழும்' என்று ஒரு சின்னச் சதுரம் இருந்தது. 2021 பொங்கலின் திகதியைப் போட்டு அதில் சரி அடித்துவிட்டேன். அந்த வருஷம் கொரோனாப் பயணத்தடை, ஒருவரும் அதைப் பார்த்து வரப்போவதில்லை, அதனால் யோசிக்கவுமில்லை. நாட்காட்டி மென்பொருட்கள் திரும்ப வருகிற நாட்களை எழுதிக்கொள்வதற்கென்று ஒரு பொது விதி இருக்கிறது, 2009 இல் எழுதின அந்த விதியில் 'ஒவ்வொரு மாதமும் இரண்டாம் திங்கள்' என்று சொல்லலாம், 'மே மாதத்துக் கடைசி வெள்ளி' என்று சொல்லலாம், 'வைகாசிப் பூரணையை அண்டிய திங்கள்' என்று சொல்ல வழியில்லை. நிலவு அதற்குத் தெரியாது. அதைவிட மோசம், போன வருஷத் திங்கள் இந்த வருஷம் அதே திகதியில் செவ்வாயாகிவிடும் என்ற சின்ன விஷயம்கூட என் மண்டையில் ஏறவில்லை.

2022. உங்களுக்கு அந்த வருஷம் ஞாபகமிருக்கும். டீசலுக்கு நாள்கணக்கில் லைன், மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், கனடாவிலிருந்து வந்த தாயையும் கூட்டிக்கொண்டு, வானில் கான் கானாக டீசல் ஏற்றி, எங்கள் தளத்தில் இருந்த திகதியைப் பார்த்து வற்றாப்பளைக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை. கோயில் வீதியில் இரண்டு மாடு. தொடர்புக்கு என்று போட்டிருந்த இலக்கம் என்னுடையது, எடுத்தது வான்கார அண்ணை. அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியாக அந்த அம்மா போனை வாங்கி, "பரவாயில்லை மகள், சனமில்லாமல் நல்லாக் கும்பிட்டன்" என்றார். அது வான்கார அண்ணையின் ஏச்சைவிடக் கூடக் குத்தியது.

அன்றைக்கே திகதியைத் திருத்தினேன். திருத்தும்போதுதான் யோசித்தேன், அடுத்த வருஷம் இதை யார் திருத்துவார்? திட்டம் 2023 தொடக்கத்தில் முடிகிறது. முன்மொழிவில் 'நிலைபேறு' என்று ஒரு தலைப்பின் கீழ் மூன்று வரி எழுதியிருந்தோம், உள்ளூர்ச் சமூகம் தொடர்ந்து இற்றைப்படுத்தும் என்று. உள்ளூர்ச் சமூகம் என்றால் நான்தான், என்னுடைய டேட்டா, என்னுடைய பெற்றோல்.

மானியம் ரூபாவில் வந்தது. சேர்வர் வாடகை டொலரில். நாங்கள் பாதீடு போட்டபோது டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, 2022 மே மாதம் 360. ஒன்றரை வருஷத்துக்கு என்று ஒதுக்கின காசு ஒரு வருஷத்துக்குக்கூடக் கிட்ட வரவில்லை. அதை வேறொரு தலைப்பிலிருந்து மாற்றி எடுக்க அனுமதி கேட்டுக் கடிதம், கடிதத்துக்குப் பதில், பதிலுக்கு விளக்கம். மாநாட்டுக்கென்று ஒதுக்கியதைத் தொடக்கூடாது, உபகரணத்துக்கென்று ஒதுக்கியதைத் தொடக்கூடாது. உபகரணக் காசில் ஒரு நல்ல கமெரா வாங்கினோம், மூன்று கொட்டேசன் எடுத்து முறைப்படி. அந்தக் கமெரா இப்போது பல்கலைக்கழக இருப்புப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. தளம் இல்லை.

திட்டம் முடிந்து ஒரு வருஷம் போல தளம் கிடந்தது. பிறகு டொமைனைப் புதுப்பிக்க ஆளில்லை. போன மார்கழியில் ஒரு நாள் சும்மா அந்த முகவரியை அடித்துப் பார்த்தேன். ஒன்லைன் சூதாட்டம். காலாவதியான முகவரிகளை வாங்கி இப்படிப் போடுவது அவர்களுடைய தொழில், யாரையும் கோபிக்க முடியாது. அம்மாளாச்சியின் பொங்கலைத் தேடி அந்தப் பழைய இணைப்பை அமத்துகிறவருக்கு இப்போது சுழல்கிற சக்கரம் ஒன்று தெரியும்.

மிஞ்சினது என்ன? ஆங்கிலத்தில் எட்டுப் பக்க மாநாட்டுக் கட்டுரை. அதில் எங்கள் தளத்தின் கட்டமைப்பு அழகான படமாக இருக்கிறது, பெட்டியும் அம்புக்குறியுமாக. பொங்கலைப்பற்றி ஒன்றரை வரி.

ஜே.பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை 1895 இல் வெளியிட்டார். குளங்கள், சாதிகள், வழக்கங்கள், வரி எல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய பார்வை ஆட்சி செய்ய வந்தவனுடைய பார்வை, பல இடங்களில் எரிச்சல் வரும். ஆனாலும் நூற்றிருபது முப்பது வருஷம் கழித்து நானே அதைத் திறந்து பார்க்கிறேன். எங்கள் தளம் மூன்று வருஷம். அச்சுப் புத்தகத்துக்கு மாத வாடகை இல்லை என்பது ஒரு காரணம். அந்த மனிதருக்குச் சம்பளம் தந்து இங்கே இருத்தியிருந்தார்கள் என்பது மற்றக் காரணம், அதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன்.

வேறு நாடுகளில் மட்டும் நன்றாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. அவுஸ்திரேலியாவில் சுற்றுலாவின் நிலைபேறு பற்றி ஆராய என்றே ஒரு கூட்டு ஆய்வு மையம் 1997 இல் தொடங்கி, பல்கலைக்கழகங்கள், தொழிற்றுறை, அரசாங்கம் மூன்றும் சேர்ந்து நடத்தி, நிறைய அறிக்கைகள் போட்டது. 2010 இல் அரசாங்க நிதி நின்றது, மையமும் நின்றது. இங்கிலாந்து 2015 இல் எங்களைப் போன்ற நாடுகளுக்கான ஆய்வுகளுக்கென்று 150 கோடி பவுண் நிதியம் ஒன்றை அறிவித்தது. 2021 மார்ச்சில் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, ஏற்கனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கே 12 கோடி பவுண் துண்டு விழுகிறது என்று அவர்களின் ஆய்வு நிதி அமைப்பே பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. நடுவில் நின்ற திட்டங்களில் களத்தில் இருந்தவர்களின் கதையும் என்னுடையதைப் போலத்தான் இருந்திருக்கும்.

பிரான்சில் டேட்டாடூரிஸ்ம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நாடு முழுவதும் உள்ள திருவிழாக்கள், பார்க்கும் இடங்கள் எல்லாம் ஒரே திறந்த தரவுத்தளத்தில். அதையும் ஆய்வுத் திட்டமாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் அங்கே தரவை ஆய்வாளர் போய்ச் சேகரிப்பதில்லை. ஊருக்கு ஊர் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது, அங்கே சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார், திருவிழாத் திகதி மாறினால் தன் கணினியில் மாற்றுவது அவருடைய அன்றாட வேலை. மேலே உள்ள தொகுதி அதை இழுத்து எடுக்கிறது. ஆய்வுக் காசு குழாய் போடத்தான் போனது, தண்ணீர் ஏற்கனவே இருந்தது. நாங்கள் குழாயை மட்டும் போட்டுவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று இறுதி அறிக்கையில் கவலைப்பட்டோம்.

இங்கே அப்படி ஆளில்லையா? இருக்கிறார்கள். பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பாதிப்பேர் பட்டதாரிகள், என்னோடு படித்தவர்களே மூன்று பேர். எந்தக் கோயிலில் எப்போது கொடியேற்றம் என்பது அவர்களுடைய மேசைக்கு எப்படியும் வரும், திருவிழாவுக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடக்காமல் இருக்காதே, பொலிஸ், சுகாதாரம், பஸ், தண்ணீர் என்று எல்லோரையும் கூப்பிட்டு. அந்தக் கூட்டக் குறிப்பில் உள்ள ஐந்து வரியை ஒரு பொதுத் தளத்தில் போடக் கிழமைக்கு அரை மணித்தியாலம் காணும். இதை முன்மொழிவில் எழுதினால் புதுமை இல்லை என்று மதிப்பீட்டாளர் புள்ளி குறைப்பார். எங்களுடையதில் ஒருவர் அப்படியே எழுதினார்.

இலங்கையில் ஆய்வுக்குக் கிடைக்கிற காசே கொஞ்சம். ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் நாடு செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தைச் சுற்றித்தான். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று கதவுகள் இருக்கின்றன, 2017 இல் உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனில் அஹெட் என்ற உயர்கல்வித் திட்டமும் வந்தது. பெரும்பாலும் விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் முதலிடம். அதனால்தான் பொங்கலைப் பற்றி எழுதுகிறவர் மேலே ஒரு 'தொகுதி'யைப் போர்த்திக்கொள்ள வேண்டி வருகிறது. நாங்களும் போர்த்தினோம். சேர் பண்பாடு படித்தவர், கணினி அவருக்கு ஈமெயில் பார்க்க.

சுற்றுலாத் துறைக்கென்று தனிக் காசு இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டத்தில் அபிவிருத்தி அதிகாரசபை, மேம்பாட்டுப் பணியகம், மாநாட்டுப் பணியகம், ஹோட்டல் பயிற்சி நிறுவனம் என்று நான்கைப் பிரித்தார்கள். ஹோட்டல்களும் மற்றவர்களும் தங்கள் புரள்வில் 1 வீதம் வரியாகக் கட்டுவது இந்தப் பக்கம்தான் வருகிறது. ஆனால் அந்த உலகத்தில் எண்ணுவது விமான நிலையத்தில். 2018 இல் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர், 2021 இல் 1 லட்சத்து 94 ஆயிரம். வற்றாப்பளைக்கு வருகிற சனம் அந்த எண்ணில் இல்லை. ஓகஸ்ட் 15 இல் மடு மாதா கோயிலில் கூடாரம் அடித்துக் கிடக்கிற சனம், தமிழரும் சிங்களவருமாக, அந்த எண்ணில் இல்லை. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பானையும் அரிசியும் கொண்டு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் போகிறவர் அதில் இல்லவே இல்லை. இவர்களைச் சுற்றுலாப் பயணி என்று படிவத்தில் எழுதச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நாங்கள் அடியார் என்போம். அடியார் என்று எழுதினால் பாதீட்டில் தலைப்பு இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் இணையம் வன்னியைப் பற்றி வெறுமையாக இருக்காது. 2009 இல் போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள், பங்கர் பார்க்க, சரிந்து கிடந்த கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி பார்க்க, கரையில் கிடந்த கப்பல் பார்க்க. அந்தப் படங்களும் மதிப்புரைகளும்தான் கன காலம் முதலில் வந்தன. எங்கள் வீடுகள் இருந்த இடத்துக்கு யாரோ நட்சத்திரம் போட்டிருப்பார்கள், ஐந்தில் நான்கு. எனக்கு இந்த வேலையில் கொஞ்சமாவது வெறி இருந்ததென்றால் அது இதனால்தான், சுற்றுலா வளரவேண்டும் என்பதற்காக இல்லை.

சரி, எங்கள் ஊர் முதியவர் ஒருவர், அப்பு என்போம், அவருடைய விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியது அவரைப் பற்றி எழுதத்தான்.

பெயர் சொல்லமாட்டேன். பொங்கல் வேலைகளில் எந்தக் குடும்பத்துக்கு என்ன முறை, யார் என்ன கொண்டுவர வேண்டும், யார் இறந்தால் அது யாருக்குப் போகும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். தகப்பனுடைய கொப்பியைப் பார்த்து எழுதினது. முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்பு, அங்கிருந்து மாத்தளன், பிறகு மெனிக்பாம் முகாம் என்று போரில் இடம்பெயர்ந்து போன வழியெல்லாம் பொலித்தீனில் சுற்றி அதைக் கொண்டு திரிந்திருக்கிறார். தகப்பனுடைய மூலக் கொப்பி மாத்தளனில் போய்விட்டது. ஆறு நாள் அவருடைய திண்ணையில் இருந்து பதிவு செய்தேன். பாக்குத்தெண்டலில் எந்த வீட்டுக்கு முதலில் போவது, ஏன் அந்த வீடு, கோவலன் கூத்து ஆடின காலம், எல்லாம் சொன்னார். எங்கள் தளத்தில் பெறுமதியான ஏதாவது இருந்திருந்தால் அது அந்த ஆறு நாளில் வந்தது.

அவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். 'வளவாளர்' என்ற தலைப்பில் கொடுக்கலாம், ஆனால் கொடுப்பனவு கல்வித் தகைமைப்படி, சான்றிதழ்ப் பிரதி இணைக்கவேண்டும் என்று பதில் வந்தது. அப்பு ஐந்தாம் வகுப்பு. அந்த அட்டவணையில் மிகக் கீழே இருந்த வரிசையே டிப்ளோமாவில் தொடங்கியது. சேர் நல்ல மனிதர், நிறையத் தெண்டித்தார். கடைசியில் அந்த ஆறு நாளுக்குமான காசை 'களச் சிற்றுண்டி' என்று வவுச்சர் போட்டு எடுத்தோம். அப்புவிடம் கொடுக்கும்போது என்ன காசு என்று கேட்டார். தேத்தண்ணிக் காசு என்றேன். "தேத்தண்ணி நான்தானே பிள்ளை தந்தனான்" என்றார்.

கொப்பியில் நாலைந்து பக்கங்களைப் படமெடுக்க விடவில்லை. கையால் மூடிக்கொண்டு, "உது ஊருக்கு. மிச்சத்தை எடு" என்றார். இந்தப் பக்கங்கள் தரவுத்தொகுதியில் 'விடுபட்ட தகவல்' என்று போயின. விடுபட்டதில்லை, வைத்திருக்கிறார் என்று எழுத ஒரு பெட்டி இருந்திருக்கலாம்.

தளம் செத்த பிறகு என்னிடம் மிஞ்சியிருந்தது ஒலிப்பதிவுகளின் பிரதியும் பக்கங்களின் படங்களும். முதலில் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம் என்று போனேன். அங்கே முதன்மை ஆய்வுக்கு இடமில்லை, அச்சில் வந்த அல்லது வேறெங்கோ வெளியான சான்று வேண்டும், அப்பு சொன்னார் என்று எழுத முடியாது. விதி சரிதான், இல்லாவிட்டால் ஆளாளுக்கு எழுதித்தள்ளுவார்கள். நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் பக்கம் ஒலி, படம் எல்லாம் சேகரிக்கிறார்கள் என்று பிறகுதான் உறைத்தது. நூலகம் 2005 இலிருந்து ஓடுகிறது. அதன் பின்னால் பெரிய மானியம் மட்டும் இல்லை, தன்னார்வமாக வேலை செய்தவர்களும், ஊரிலும் வெளியிலுமிருந்து சின்னச் சின்னதாகக் காசு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே தரத்தில் வந்து இரண்டு வருஷத்தில் முடிகிற 50 லட்சத்தைவிட, மாதம் மாதம் வருகிற 5 ஆயிரம் இந்த வேலைக்கு நல்லது என்று எனக்கு இப்போது நிச்சயமாகப் படுகிறது. ஆனால் மாதம் 5 ஆயிரம் தருகிற ஆய்வு மானியம் எதையும் நான் இன்னும் காணவில்லை.

இவ்வளவும் யோசித்துவிட்டு நேற்று இரவு, சரி, ஒரு பாதீடு போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். முதல் வரியில் அப்புவையும், மடுப் பக்கம் ஒருவரையும், புளியம்பொக்கணையில் ஒரு ஆச்சியையும் போட்டேன், மாதக் கொடுப்பனவு, மூன்று வருஷம், தகைமை என்ற இடத்தில் 'முறைகாரர்' என்று எழுதினேன். அடுத்தது கலாசார உத்தியோகத்தர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, சாப்பாட்டோடு. பெற்றோல். ஒரு ஒலிப்பதிவுக் கருவி. திகதியைத் தானாக மாற்றாமல், பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொரு சித்திரையிலும் ஒருவர் கையால் போட்டு, கோயிலில் கேட்டு உறுதிசெய்ய ஒரு சின்னத் தொகை. மென்பொருளுக்கு 0, எல்லாவற்றையும் ஏற்கனவே நிற்கிற இடங்களில் வைப்பதாக எழுதினேன். சேர்வரும் 0. கூட்டிப் பார்த்தேன், பிடிஎஃப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த குறைந்தபட்சத் தொகையில் பத்தில் ஒன்றுகூட வரவில்லை.

படமெடுத்துச் சேருக்கு அனுப்பினேன். இன்று காலை குரல்பதிவு வந்தது. "பிள்ளை, எல்லாம் சரி, எனக்கும் இதுதான் விருப்பம். ஆனா இவ்வளவு சின்னத் தொகைக்கு அவங்கள் திரும்பியும் பாக்கமாட்டாங்கள். ஒரு ஆப்பையும் சேர்த்துவிடுவமே? ஏஐ எண்டும் ஒரு வரி போடுவம்." பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், அவருடைய மனைவியாக இருக்கவேண்டும்.

இன்னும் பதில் போடவில்லை. பின்னேரம் அப்பு வீட்டுப் பக்கம் போனேன், இந்தமுறை பாக்குத்தெண்டல் எப்போது என்று கேட்க. கொப்பியைப் பார்க்காமலே சொன்னார்.